80 மீட்டர் யாருடைய அளவு?

ஐன்ஸ்டைனின் சார்பியலில் ஒரு மாணவி சரியாகப் போட்ட கணக்கைத் தப்பென்று திருத்தி இரண்டு மார்க்கைக் குறைத்திருந்தார்கள். அந்த விடைத்தாளை நேற்று படமாகப் போட்டிருந்தேன். அதன் கீழே "ரெண்டு மார்க்குக்கா சார் இவ்வளவு கோபம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அதற்குத்தான்.

கேள்வி இதுதான்: தலா 100 மீட்டர் ஓய்வு நீளமுள்ள (அசையாமல் நிற்கும்போது அளந்த நீளம்) இரண்டு விண்கலங்கள். தரையிலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒளிவேகத்தில் 0.6 பங்கு வேகத்தில் எதிரெதிரே வருகின்றன. ஒன்றில் இருப்பவருக்கு மற்றதன் நீளம் எவ்வளவு? வேகமாகப் போகும் பொருள், பார்ப்பவருக்கு அது போகும் திசையில் சுருங்கிவிடும் என்பதுதான் இதில் அடிப்படை. அந்தப் பெண் இரண்டு வேகத்தையும் சும்மா கூட்டிவிடவில்லை. சார்பியலின் வேகக் கூட்டல் விதிப்படி 1.2-ஐ (0.6 + 0.6) 1.36-ஆல் (1 + 0.6 × 0.6) வகுத்து, சார்புத் திசைவேகம், அதாவது ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது வரும் வேகம், ஒளிவேகத்தில் 15/17 என்று கண்டுபிடித்து, 100-ஐ அந்த வேகத்துக்கான சுருக்க அளவு 8/17-ஆல் பெருக்கி 47 மீட்டர் என்று எழுதியிருக்கிறாள். திருத்தியவர் தரையிலிருந்து தெரிகிற 80 மீட்டரை எடுத்து, அதை மறுபடி சுருக்கி, 37.6 என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். அந்த 80 தரையில் நிற்பவருடைய அளவு. விண்கலத்தில் இருப்பவர் அதை எதற்குத் தொட வேண்டும்? ஓய்வு நீளத்திலிருந்து ஒரே ஒரு தடவைதான் சுருக்க வேண்டும்.

பி.எஸ்சி. படிக்கும்போது நானும் இங்கே இடறினேன். வேகத்தை 1.2 என்று போட்டதும் நீளச் சுருக்க ஃபார்முலாவில் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்தது. அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்ற பேராசிரியர் திட்டவில்லை. "இது யாரு அளந்ததுப்பா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எந்தச் சார்பியல் கணக்கிலும் முதல் வரியில் 'யார் பார்வையில்' என்று எழுதிவிட்டுத்தான் ஃபார்முலாவைத் தொடுகிறேன். யார் பார்வையில் என்று தெரியாமல் நீளமும் இல்லை, வேகமும் இல்லை.

"தரையிலிருந்து பார்த்தால் இடைவெளி ஒளிவேகத்தைப் போல 1.2 மடங்கில் குறைகிறதே?" என்று ஒருவர் கேட்பார். குறையட்டும், அதில் தவறில்லை. அது எந்தப் பொருளின் வேகமும் இல்லை. "இதெல்லாம் தாளில் மட்டும்தான்" என்பவர்களுக்கு: ஓடும் தண்ணீரில் ஒளி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ 1851-லேயே அளந்துவிட்டார். அந்த விடை இதே கூட்டல் விதியிலிருந்து வருகிறது என்று 1907-ல் ஜெர்மன் இயற்பியலாளர் லாவே காட்டினார். "பரீட்சையில் யோசிக்க நேரம் ஏது?" என்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. அவள் யோசித்துத்தானே எழுதினாள்!

மார்க் போனதைக்கூட விடுங்கள். விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டவளிடம் "கீயில (விடைக்குறிப்பில்) இருக்கறதுதான் விடை, எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கேள்வி கேட்பது எப்போது எதிர்த்துப் பேசுவதாக ஆனது? ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் செய்தாள். கணக்கைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இல்லை. "இனிமே கீ மாதிரியே போட்டுடட்டுமா சார்?" என்றுதான் கேட்டாள்.