இலையைத் திருப்பியும் பார்க்க வேண்டும்

இலையின் படத்தை வைத்தே செயற்கை நுண்ணறிவுச் செயலி பயிர் நோயை 99 சதவீதம் சரியாகச் சொல்லிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது எங்கே எடுத்த மதிப்பெண் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப் படத் தொகுப்பில் 54,306 படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். பெரும்பாலும் பறித்த ஒற்றை இலையை வெறும் பின்னணியில் வைத்து எடுத்தவை. 2016இல் அதில் 99.35 சதவீதம் எடுத்த மாடல் (படங்களைப் பார்த்து நோயை அடையாளம் காணக் கற்ற கணினி நிரல்), வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியதும் 31 சதவீதத்துக்குச் சரிந்தது. 2022இல் வந்த ஓர் ஆய்வில் இலையே இல்லாமல், பின்னணியிலிருந்து 8 பிக்சல்களை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலேயே 49 சதவீதம் சரியாக வந்தது! அப்படியென்றால் மாடல் கற்றது நோயையா, மேசையையா?

வயலில் நிற்கும் இலையில் மண் தெறித்திருக்கும், பாதி நிழலில் இருக்கும், சில நேரம் இரண்டு நோய் சேர்ந்தே இருக்கும். தக்காளியில் முன்பருவ இலைக்கருகல் என்றால் பழுப்புப் புள்ளியில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். கேமரா அதைப் பிடித்துவிடும். பின்பருவக் கருகலுக்கு ஈரமான காலையில் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், புள்ளியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருக்கும். மேல்பக்கப் படத்தில் அது எங்கே தெரியும்? அப்புறம், மெக்னீசியம் குறைந்தாலும் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகும், சில வைரஸ் தாக்கினாலும் அப்படித்தான்.

செயலி செய்பவர்கள் தயவுசெய்து அடிப்பக்கப் படத்தையும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ‘தெரியவில்லை’ என்று சொல்ல மாடலுக்குக் கற்றுக்கொடுங்கள். தவறான பதிலை நம்பி மருந்து தெளிப்பவர் பணத்தையும் பயிரையும் சேர்த்தே இழக்கிறார்.