அந்த மாணவியின் மேசையில் இருந்ததும் குளோனிங்தான்

கடந்த வாரம் நமது பாடசாலையொன்றின் விஞ்ஞானக் கண்காட்சியில், தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்த்த தேயிலைக் கன்றுகளைக் குளோனிங் என்று மேசையில் வைத்த ஒரு மாணவிக்கு நடந்ததைக் காணொளியில் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "இது தோட்ட வேலை பிள்ளை, குளோனிங் என்றால் டொலி ஆடு" என்று சொல்லிவிட்டுப் பிரதம விருந்தினர் அடுத்த மேசைக்கு நகர்ந்ததையும், சுற்றி நின்றவர்கள் சிரித்ததையும், அந்த மாணவி தன் தேயிலைக் கன்றுகளைப் பார்த்தபடி நின்றதையும் கண்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்த விருந்தினரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவர் சொன்னது தவறு.

ஆண் கலமும் பெண் கலமும் சேராமல், ஓர் உயிரின் பரம்பரையலகுகளை அப்படியே கொண்ட இன்னோர் உயிரை உருவாக்குவதுதான் குளோனிங். ஆய்வுகூடத்தில் நடந்தாலும் அதுதான், நாற்றுமேடையில் நடந்தாலும் அதுதான். தேயிலை பெரும்பாலும் அயல்மகரந்தச் சேர்க்கையால், அதாவது வேறு செடியின் மகரந்தத்தால், காய்ப்பதால், ஒரே செடியின் விதைகள்கூட ஒன்றைப்போல் ஒன்று முளைப்பதில்லை. பழைய விதைத் தேயிலை மலையில் ஏறிப் பாருங்கள்: ஒரு தூரின் இலை அகன்றிருக்கும், பக்கத்துத் தூரின் இலை ஒடுங்கிக் கறுத்திருக்கும், ஒன்று கொழுந்து விட்டிருக்கும்போது மற்றது வெறுமையாய் நிற்கும். வீ.பி. மலையிலோ (தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்த்த தேயிலை மலை) ஒரே இரகம் நட்ட இடமெல்லாம் ஒரே நிறம், ஒரே வேகத்தில் கொழுந்து. 1925இல் தொடங்கப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்துக் கொடுத்த டீ.ஆர்.ஐ. 2025 (இது ஆண்டல்ல, இரகத்தின் எண்) எத்தனை தோட்டங்களில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் ஒரே தாய்ச்செடியின் குளோன்கள்.

என் அம்மா நாற்றுமேடையில் வேலை செய்தவர். தாய்ச்செடியின் கிளையை எடுத்து, நுனியின் இளந்தண்டையும் அடியின் முற்றிய தண்டையும் கழித்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் ஓர் இலைக்கு ஒரு துண்டாக வெட்டுவார். இலைக் காம்பின் கக்கத்தில் இருக்கும் அரும்புக்குச் சற்று மேலே ஒரு சரிவு வெட்டு, கீழே ஒரு வெட்டு. கத்தி மழுங்கினால் தண்டு நசுங்கும், நசுங்கினால் அழுகும் என்பதால் அடிக்கடி தீட்டிக்கொள்வார். வெட்டிய துண்டுகள் வாடாமல் உடனே தண்ணீருக்குள் போகும். பிறகு மண் நிரப்பிய பொலித்தீன் உறையில், இலை மண்ணில் படாதபடி ஊன்றப்படும். அந்த ஒற்றை அரும்பிலிருந்துதான் முழுச் செடியும் எழும்ப வேண்டும். அரும்பில் கத்தி பட்டால் அந்தத் துண்டு வீண். இதை அம்மாவுக்குப் பாடப் புத்தகம் சொல்லித்தரவில்லை, அவருடைய அம்மாவின் கை சொல்லித்தந்தது.

"தாவரமும் விலங்கும் ஒன்றா?" என்று கேட்பவர்களுக்கு மரியாதையுடன் பதில் சொல்கிறேன். வழிமுறை ஒன்றல்ல. தாவரத்தின் வளர்ந்த கலங்கள் பலவும் முழுச் செடியாக மீள எழும் ஆற்றலை இழப்பதில்லை. 1958இல் தாவரவியலாளர் ஸ்டுவார்ட் கரட் கிழங்கின் கலங்களிலிருந்தே முழுச் செடியை வளர்த்துக் காட்டினார், ஆய்வுகூடத்தில் சிறு இழையத்திலிருந்து கன்று வளர்க்கும் இன்றைய இழைய வளர்ப்பும் அந்த ஆற்றலை நம்பித்தான் நடக்கிறது. விலங்கின் உடற்கலம் தானாக அப்படித் திரும்பாது. ஆகவேதான் ஸ்கொட்லாந்தின் ரொஸ்லின் ஆய்வு நிலையத்தில், ஆறு வயது ஆட்டின் மடிக் கலத்தை, கரு (கலத்தில் பரம்பரையலகுகளைத் தாங்கும் பகுதி) நீக்கிய முட்டைக் கலத்துடன் மின்சாரத்தால் இணைத்து, கிடைத்த முளையத்தை வேறோர் ஆட்டின் கருப்பையில் வளர்த்தார்கள். 277 இணைப்புகளில் பிறந்தது ஒரே குட்டி, அதுதான் டொலி, 1996 ஜூலை 5ஆம் திகதி. அது மகத்தான சாதனை, அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் இதையும் கேளுங்கள்: டொலியின் கரு மட்டுமே மடிக் கலத்துக்கு உரியது, கலத்துக்குச் சக்தி தரும் அதன் இழைமணிகளின் டீ.என்.ஏ. முட்டை கொடுத்த ஆட்டினுடையது. தேயிலைத் துண்டிலோ கருவும் இழைமணியும், இலைக்குப் பச்சை தரும் பச்சையவுருமணியும் எல்லாமே தாய்ச்செடியினுடையவை. கறாராகப் பார்த்தால், டொலியைவிட முழுமையான குளோன் அந்த மாணவியின் மேசையில்தான் இருந்தது.

குளோனிங் இயற்கைக்கு விரோதம் என்று காணொளியைப் பார்த்து எழுதியிருந்தவர்களுக்கு அதிகம் சொல்வதற்கில்லை. வெலிமடையில் உருளைக்கிழங்கை நட்டு உருளைக்கிழங்கு எடுப்பவரும், முற்றத்து வாழையின் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுபவரும் அதையேதான் செய்கிறார்கள். ஒரே முளையத்திலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகளும் இயற்கை தந்த குளோன்களே.

எல்லாம் ஒன்றாக இருந்தால் ஒரு நோய் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இது நியாயமான கேள்வி. 1845இலிருந்து அயர்லாந்தில் ஒரே வகை உருளைக்கிழங்கை நம்பிய ஏழைகள் வெளிறல் நோயால் பட்டினியில் மடிந்தார்கள். தண்டுத் துண்டிலிருந்து வளரும் வீ.பி. தேயிலைக்கு ஆணிவேர் இல்லாததால், அது வரட்சியில் விதைத் தேயிலையைவிட முன்னதாக வாடும். ஒரே இரகத்தை நம்பாமல் பல இரகங்களை நட வேண்டும் என்பது அந்த நோய் அபாயத்தால்தான். ஆனால் ஒரே நோய்க்கு எல்லாம் ஒன்றாக விழும் அந்தக் குறையே அது குளோன் என்பதற்குச் சாட்சி. குளோன் இல்லாத ஒன்றுக்கு குளோனின் குறை எப்படி வரும்?

"நாற்றுமேடைக்காரியின் பிள்ளை, அதனால்தான் இவ்வளவு கோபம்" என்று என்னைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம், அதனால்தான். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரை நாங்கள் பாடமாக்கி ஒப்புவித்தோம். அவருக்குப் பின் இந்த மலைகளை நிரப்பிய கன்றுகளை ஊன்றிய கைகளில் ஒன்றின் பெயரையாவது யாரும் கேட்டதில்லை. நாளெல்லாம் குந்தியிருந்து வெட்டியும் கணக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான், போட்டார்கள். அந்த அறிவை அந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி முதன்முறையாக அதன் விஞ்ஞானப் பெயரோடு மேசையில் வைத்தாள், அதற்குக் கிடைத்தது சிரிப்பு. 'தோட்ட வேலை' என்ற சொல்லை யாரைச் சிறுமைப்படுத்துவதற்காகவும் எங்கள் பிள்ளைகள் முன்னால் இனிப் பயன்படுத்தாதீர்கள். தோட்ட வேலைதான், குளோனிங்கும்தான்.

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தை நடத்தும் வாரத்தில் நாற்றுமேடையில் வேலை செய்யும் அம்மா ஒருவரை, அன்றைய பேரை இழக்காதபடி கூலி கொடுத்து வகுப்பறைக்கு அழையுங்கள். அவர் வெட்டிக் காட்டட்டும். மாணவர்கள் தங்கள் கையாலேயே துண்டுகளை உறையில் ஊன்றட்டும். டொலியை அதற்கு அடுத்த பாடவேளையில் கற்பியுங்கள்.