முதலில் ஒன்லைன் ஆர்டர், அப்புறம் வசனம்

தினமும் 10 பக்கம் எழுதினால் திரைக்கதை கைவசப்படும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படி 80 பக்கம் எழுதிவிட்டு, இடைவேளைக்கு என்ன வைப்பது என்று தெரியாமல் நின்றவன் நான். இப்போது வசனத்தைத் தொடும் முன் ஒன்லைன் ஆர்டர் முழுவதையும், அதாவது எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி என்ற பட்டியலை, போட்டுவிடுகிறேன். காட்சிக்கு ஒரு அட்டை, அதில் இரண்டே வரி: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. இரண்டாவது வரி வரவில்லையா, அந்தக் காட்சி வேண்டாம்.

போன வாரம் அம்மாவும் மகனும் சாப்பிடும் காட்சி இதில்தான் மாட்டியது. அழகான காட்சி, தூக்க மனசே வரவில்லை. சரி, மகன் வேலை போனதை மறைக்கிறான் என்று வைத்துப் பார்த்தேன். ஒரு வசனம்கூட மாறவில்லை. "இன்னும் ஒண்ணு வைக்கட்டுமா" என்று அம்மா தோசைக்கரண்டியோடு நிற்பதே கனமாகிவிட்டது.