திரையில் பாடிய முதல் கவ்பாய் ஜீன் ஆட்ரியா?

"1935-இல் ஜீன் ஆட்ரி வரும்வரை ஹாலிவுட் கவ்பாய்கள் யாரும் திரையில் பாடியதில்லை" என்ற பதிவு சுற்றுகிறது. இது தவறு.

பேசும் படம் வந்த சூட்டோடு 1929-இலேயே கென் மேனார்ட் 'தி வேகன் மாஸ்டர்' படத்தில் பாடிவிட்டார். குரல் சுமார்தான், ஆனால் சொந்தக் குரல். ஜான் வேயின்கூட 1933-இல் 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி'யில் 'சிங்கிங் சாண்டி' என்ற பாடும் வீரனாக வந்தார். அவர் வாயசைத்தார், பாடியது வேறொருவர். பின்னணிப் பாடலுக்குப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதல்ல!

வேடிக்கை என்னவென்றால், ஆட்ரி சினிமாவுக்குள் நுழைந்ததே மேனார்டின் படம் ஒன்றில்தான். 1934-இல் வந்த 'இன் ஓல்ட் சான்டா ஃபே'யில் மேனார்ட் கதாநாயகன், ஆட்ரிக்குச் சின்ன வேடம். வந்தார், பாடினார், அவ்வளவுதான்.

சரி, அப்புறம் ஏன் எல்லோரும் ஆட்ரியைச் சொல்கிறார்கள்? அவர் ஏற்கெனவே வானொலியிலும் இசைத்தட்டிலும் பெயர்பெற்ற பாடகர். 1935-இல் ரிபப்ளிக் நிறுவனத்தின் 'டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்' படத்தில் நாயகனானபோது, சண்டைக்கு நடுவே ஒட்டவைத்த பாட்டு என்ற நிலை மாறி, பாட்டுக்காகவே படம் என்றானது. அது ஓடியதும் மற்ற நிறுவனங்களும் பாடகர்களைத் தேடிப்பிடித்துக் குதிரையேற்றின. ராய் ராஜர்ஸ், டெக்ஸ் ரிட்டர் எல்லாம் அந்த அலையில் வந்தவர்கள்.

ஆக, இந்த வகைப் படத்துக்குச் சந்தையை உருவாக்கியவர் ஆட்ரி என்று எழுதினால் சரி. முதலில் பாடியவர் என்றால் தவறு.