படம் போடாத இசைத்தட்டு

கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையில் பேர் வாங்கிய கறுப்பினப் பாடகர் சார்லி ப்ரைடு பற்றிப் பேச்சு வந்தாலே, "பாத்தீங்களா, இசைக்கு நிறம் கிடையாது" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கதையை நிதானமாகப் படித்தால் நேர் எதிராகத்தான் தெரிகிறது.

1934இல் மிசிசிப்பியின் ஸ்லெட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அடுத்தவர் நிலத்தில் விளைச்சலில் பங்கு என்ற கணக்கில் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பம், 11 பிள்ளைகள். சனிக்கிழமை ராத்திரியானால் அப்பாவின் பில்கோ ரேடியோவில் நாஷ்வில் நகரத்தின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சி. 14 வயதில் கிடார் வாங்கிவிட்டார். கன்ட்ரி என்றால் வெள்ளைக்காரர் இசை என்று பெயர்; "அவங்க பாட்டை நீ ஏன் பாடுற?" என்று அக்காவே கேட்டிருக்கிறார். இத்தனைக்கும் கன்ட்ரி இசையில் ஒலிக்கும் பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளோடு வந்த வாத்தியம்!

பையனின் கனவு பாட்டு இல்லை, பேஸ்பால். கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த லீக்கில் பந்து வீசினார். ஒரு பழைய பஸ் வாங்குவதற்காக அணி இவரையும் இன்னொருவரையும் விற்ற கதையும் உண்டு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 1960இல் மொன்டானா போனார். உலோகம் உருக்கும் ஆலையில் வேலை, ஆலை அணியில் ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் பாடினால் 10 டாலர் கூடுதல்.

1965இல் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தின் செட் அட்கின்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தார். இங்கேதான் விஷயம். 1966இல் வெளிவந்த முதல் இசைத்தட்டுகள் ரேடியோ நிலையங்களுக்குப் போனபோது கூடவே வழக்கமாகப் போகும் புகைப்படம் போகவில்லை. குரலைக் கேட்டவர்கள் வெள்ளைக்காரர் என்றே நினைத்தார்கள். இசைக்கு நிறமே இல்லையென்றால் படத்தை எதற்கு மறைக்க வேண்டும்?

அதே வருடம் டெட்ராய்ட்டில் பெரிய கச்சேரி. பெயரை அறிவித்ததும் ஏக கைதட்டல். ஆள் மேடைக்கு வந்ததும் அரங்கமே அடங்கிப்போனது. ப்ரைடு அசரவில்லை. வெயிலில் கறுத்து இனி வெளுக்கவே வெளுக்காத தோலோடு வந்திருக்கிறேன் என்ற மாதிரி ஒரு ஜோக் அடித்தார். கூட்டம் சிரித்தது, பிறகு பாட்டில் கரைந்தது. 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் உச்ச விருது, கன்ட்ரி பாடல் தரவரிசையில் மொத்தம் 29 பாடல்கள் முதலிடம் என்று அப்புறம் எங்கேயோ போய்விட்டார்.

அந்த ஜோக்கை எல்லாரும் சாமர்த்தியம் என்கிறார்கள். சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து ஒரு வரி பாடுவதற்கு முன்னால் தன் தோலுக்குச் சமாதானம் சொல்லும் வேலை, அந்தக் காலத்து வெள்ளைப் பாடகர் ஒருவருக்கும் இருந்ததில்லை.