படுக்கையறையில் வெப்ப டிடெக்டர் மட்டும் போதுமா?

சமையல் புகைக்கும் குளியலறை ஆவிக்கும் வீணாக அலறாது என்பதால், படுக்கையறை உட்பட எல்லா அறையிலும் புகை டிடெக்டருக்குப் பதில் வெப்ப டிடெக்டரே போதும் என்று ஒரு கருத்து வந்து பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். வீணாக அலறாது என்பது சரிதான், சமையலறைக்கு அது நல்ல தேர்வும்கூட. ஆனால் படுக்கையறைக்கு அது மாற்று இல்லை.

மெத்தையோ சோபாவோ கனன்று புகைய ஆரம்பித்தால், அறை முழுக்கப் புகையும் கார்பன் மோனாக்சைடும் பரவிய பிறகும் கூரைப்பக்கம் பெரிதாகச் சூடேறாமல் இருக்கலாம். வெப்ப டிடெக்டரோ அந்தச் சூட்டுக்காகத்தான் காத்திருக்கும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 54-5-இல் ஏ1 வகை வெப்ப டிடெக்டர் 54 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் அலற வேண்டும். வெப்பம் ஏறும் வேகத்தைப் பார்க்கும் வகை உண்டே என்பீர்கள். அதற்கும் நிமிடத்துக்குச் சுமார் 8 டிகிரி ஏற்றம் தேவை. கனலும் தீயில் அது கிடைப்பது அரிது. தூங்குகிறவருக்கு அவ்வளவு நேரம் இருக்காது.

என் பேச்சை நம்ப வேண்டாம். உங்கள் டிடெக்டரின் லேபிளில் எத்தனை டிகிரி, என்ன வகை என்று போட்டிருக்கும். அப்புறம் கூடவே வந்த கையேட்டில் எங்கே பொருத்தலாம் என்ற பகுதியைப் படியுங்கள் (பெட்டியோடு தூக்கிப் போடாமல் இருந்தால்). அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ வெளியிடும் என்எஃப்பிஏ 72 என்ற தீ அலாரம் விதித்தொகுப்பை அவர்கள் தளத்தில் பதிவு செய்து இலவசமாகவே படிக்கலாம். தூங்கும் அறை ஒவ்வொன்றிலும் அது கேட்பது புகை அலாரத்தைத்தான்.