டெட்ராய்ட் லயன்ஸ் பட்டமே வென்றதில்லையா?

"டெட்ராய்ட் லயன்ஸ் ஒருமுறைகூட சாம்பியன் ஆனதில்லை" என்று பரவும் தகவல் தவறு. 1935, 1952, 1953, 1957 என நான்கு முறை அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்எஃப்எல்லின் பட்டம் வென்ற அணி அது. இப்போது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில்தான் இன்னும் ஆடியதில்லை. அந்தப் போட்டியே 1967 ஜனவரியில்தான் தொடங்கியது. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

1957 இறுதியாட்டத்தைப் பாருங்கள். லயன்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) பாபி லேன் கால் முறிந்து வெளியே உட்கார்ந்திருந்தார். அவரிடத்தில் இறங்கிய டோபின் ரோட் நான்கு டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) பாஸ் வீசினார், இன்னொன்றைத் தானே ஓடி எடுத்தார். சொந்த மண்ணில் 59-14. நொறுங்கியது கிளீவ்லண்ட் பிரவுன்ஸ்.

வறட்சி அதன்பிறகு வந்ததுதான். 2008இல் 16 ஆட்டங்களிலும் தோல்வி. 2024 ஜனவரியில் ராம்ஸ் அணியை 24-23 என வீழ்த்தும்வரை, லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் ஒரே வெற்றி: 1992 ஜனவரியில் டல்லஸை 38-6 என வென்றது.